பத்துக்கு நாலு

காலைச் சித்த அக்கட்ட தள்ளி வெச்சுக்கறீங்களா? ஆங், போதுமுங்க. இல்லைங்க, கொழந்தையில்ல. துண்டைச் சுத்தி மடியில வெச்சிருக்கறதால அப்படித் தெரியுது. கம்ப்யூட்டருங்க. உள்ள இருக்கற டிஸ்க்கு பதினெட்டு வருசத்துது, வேகத்தடையில தூக்கிப் போட்டா எனக்கு ஈரக்கொலை நடுங்குது. டிக்கியில போடுங்கன்னு கண்டக்டர் சொன்னாரு. மானிட்டரைப் போட்டன். இதைப் போட மாட்டன்னுட்டன். எம்பட குடும்பமே இதுக்குள்ளதான் இருக்குதுங்க.

எம்பட சம்சாரம், வசந்தாமணின்னு பேரு, தாராபுரத்துல அவ அம்மா ஊட்டுக்குப் போயி இன்னைக்கோட பதினோரு நாளு. கூட்டிட்டு வரத்தான் போறன். வெறுங்கையோட போனா வர மாட்டா. அதனால ஆதாரத்தோட போறன். நீங்க காங்கேயத்துல எறங்கறீங்களா? அப்ப நேரமிருக்குது, சொல்றன். நீங்களே கேட்டுட்டு நியாயத்தைச் சொல்லுங்க.

நான் ஈஸ்வரமூர்த்திங்க. ஈரோட்டுல கம்ப்யூட்டர் வேலை. கடை போட்டு உக்காந்து விக்கறதில்லை. சின்னச் சின்ன யாவாரிங்ககிட்ட பழைய சிஸ்டம் ஓடிட்டிருக்குமில்லைங்க, அதை எடுத்துட்டுப் புதுசு ஏத்திக் குடுக்கறது. மஞ்ச மண்டி, ஆயில் மில்லு, பல் டாக்டர், எல்லாமே நம்ம கைதான். நான் போற எடத்துல எல்லாம் ஒரே வார்த்தைதான் சொல்லுவன். ஓடுதேன்னு வெச்சுக்கிட்டிருக்காதீங்க. ஓடறது வேற, சரியா இருக்கறது வேற. இந்த வார்த்தையைப் பதினாலு வருசமாச் சொல்லிட்டிருக்கறன், ஒருத்தரும் கோவிச்சுக்கிட்டதில்லை. அந்தப் பல் டாக்டர் மட்டும் பேசறதில்லை. அது வேற கதைங்க. புது சிஸ்டம் போட்டுக் குடுத்த மூணாம் நாளு, ஒரு ஆளை வாயைத் தொறக்கச் சொல்லிட்டு எக்ஸ்ரேயைப் பாக்கத் திரும்பியிருக்கறாரு. 'புதுப்பிக்கப்படுகிறது, அணைக்காதீர்கள்'ன்னு வந்துருச்சு. இருவது நிமிசம். அந்த ஆளும் வாயை மூடாம இருந்திருக்கறாரு. அணைக்காதீங்கன்னுதானுங்க போட்டிருந்துது, வாயை மூடாதீங்கன்னா போட்டிருந்துது? எம்மேல என்ன தப்பு சொல்லுங்க.

சரி, விசயத்துக்கு வாறன். கருங்கல்பாளையத்துல சென்னியப்பண்ணன்னு ஒருத்தரு கல்யாணத் தகவல் மையம் வெச்சிருக்கறாரு. பொண்ணு ஜாதகம், மாப்பிள்ளை ஜாதகம், ரெண்டையும் போட்டா பத்துப் பொருத்தமும் பாத்துப் பிரிண்டாவே குடுத்துருவாரு. எனக்கும் வசந்தாமணிக்கும் பொருத்தம் போட்டது அங்கதான். மடியில இருக்குதே, இதே மிஷினுதான். அப்ப இது புதுசு, நாங்களும் புதுசு. பத்துக்கு ஏழு. பிரிண்டு வந்த சூட்டோட போயி பொண்ணு பாத்துட்டு வந்தம்.

இதை மாத்துங்கண்ணான்னு மூணு வருசமாச் சொல்லி எம்பட நாக்குத் தேஞ்சு போச்சு. எக்ஸ்பிங்கற பழைய சிஸ்டமுங்க இது. செஞ்சவங்களே கை கழுவிப் பத்து வருசத்துக்கு மேல ஆச்சு. அண்ணன் கேக்கணுமே. காலையில வந்ததும் இதுக்குப் பட்டை போடுவாரு, பொட்டு வெப்பாரு, ஊதுபத்தி காட்டுவாரு. காத்து போற ஓட்டையில எல்லாம் துன்னூறு. ஒருக்கா தொறந்து பாத்தன், உள்ள கோயில் உண்டியலாட்ட இருந்துது. கடைசியில கவுந்தப்பாடிக்காரர் ஒருத்தரு பொண்ணுக்குப் பொருத்தம் கேட்டு வந்தாரு. மிஷினு ரோசனை பண்ணுச்சு. பண்ணுச்சு. பண்ணிட்டே இருந்துச்சு. பிரிண்டு வெளிய வர்றதுக்குள்ள அந்த மாப்பிள்ளைக்கு வேற எடத்துல தட்டு மாத்திட்டாங்க. அப்பத்தான் அண்ணன் எனக்குப் போன் பண்ணாரு.

நல்ல நேரம் பாத்துத்தான் மாத்தோணும்னாரு. பாருங்கண்ணான்னன். நேரத்தைக் கணிச்சது எதுங்கறீங்க? எடுத்து ஓரங்கட்டப் போற இதே மிஷினுதான். புதன்கிழமை ஒம்பதே காலுக்கு மேல பத்தே காலுக்குள்ளன்னு, தன்னை அனுப்பறதுக்குத் தானே நாள் குறிச்சுக் குடுத்துது. பாவமா இருந்துதுங்க. அப்புறம் புது மிஷினுக்கு ஜாதகம் எழுதினாரு. நான் பவர் பட்டனை அமுத்தின நிமிசந்தான் பொறந்த நேரம், பொறந்த எடம் ஈரோடு. பிரிண்டரை மாத்தலைங்க, அது பழசேதான். அதை வாங்கின பில்லுல தேதியும் நேரமும் இருந்துது. ரெண்டையும் பழைய மிஷின்ல போட்டுப் பொருத்தம் பாத்தாரு. பத்துக்கு ஆறு. அனுசரிச்சுப் போயிக்கும்னாரு. யூ.பி.எஸ்.சுக்கும் பாத்தரலாமுங்களான்னு கேட்டன். அது தனிக்கட்டை, அதுக்கெதுக்குன்னுட்டாரு. நான் சிரிக்கலைங்க. வாடிக்கைக்காரங்க நம்பிக்கையில நான் கை வெக்கறதே இல்லை.

இங்கதான் கவனிக்கோணும். புது ஜாதகப் புரோகிராமு ஆரம்பத்துலயே ஒரு கேள்வி கேக்கும். வாக்கியமா, திருக்கணிதமான்னு. ரெண்டும் பஞ்சாங்கந்தான். வாக்கியம்ங்கறது முன்னோருங்க பாட்டாக் கட்டி வெச்சிருந்த கணக்கு. திருக்கணிதம்ங்கறது சந்திரன் வானத்துல நெசமா எங்க நிக்குதுன்னு பாத்துப் போடறது. ரெண்டுக்கும் சில மணி நேரம் முன்ன பின்ன இருக்கும். முக்காவாசிப் பேருக்கு அதனால ஒண்ணுமில்லை. ஒரு நட்சத்திரம் முடிஞ்சு அடுத்தது தொடங்கற நேரத்துல பொறந்தவங்க இருக்கறாங்களே, அவங்களுக்குத்தான் கெரகம். இதுல ஒரு நட்சத்திரம், அதுல வேற நட்சத்திரம். அண்ணன் பதினெட்டு வருசமாப் பாத்தது வாக்கியம். புதுசுல திருக்கணிதத்துக்கு நேரா டிக்கு விழுந்தே இருந்துது. நான் மாத்தலை. அண்ணனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேங்கறீங்களா? அண்ணன் அப்பப் பிரிண்டருக்குப் பொட்டு வெச்சிட்டிருந்தாரு. அதுவுமில்லாம மிஷினு ஒண்ணுல டிக்குப் போட்டுக் குடுக்குதுன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்குமில்லைங்க?

அடுத்த நாளு, வியாழக்கெழமை, பழசுல இருந்து எல்லாத்தையும் புதுசுக்கு ஏத்தினன். பதினெட்டு வருசத்துல அண்ணன் முடிச்சு வெச்ச கல்யாணம் அறுநூத்திப் பன்னெண்டு. வேற ஆளா இருந்தா ஏத்திட்டு அப்படியே எந்திரிச்சுப் போயிருப்பான். எனக்கு வேலைன்னா முழுசா இருக்கோணும். 'அனைவருக்கும் பொருத்தம் பார்'ன்னு ஒரு பட்டன் இருந்துது. அமுத்தினன். நாப்பது நிமிசத்துல அறுநூத்திப் பன்னெண்டு ஜோடியும் முடிஞ்சுது. பழசுல ஒரு ஜோடிக்கே அத்தனை நேரம் ஆகும். அப்புறம், 'முடிவைத் தெரியப்படுத்தவா?'ன்னு கேட்டுது. அத்தனை வேலை செஞ்சுட்டு ஒரு வார்த்தை கேக்குது, வேண்டாம்னு சொல்ல மனசு வருமுங்களா? அதையும் அமுத்தினன்.

போன மெசேஜை நான் எழுதலைங்க. புதுசா வரன் தேடறவங்களுக்கு அனுப்பறதுக்குன்னு அண்ணன் எழுதிக் குடுத்து, அதுல போட்டு வெச்சிருந்தது. 'அன்புடையீர், தாங்கள் பார்க்கச் சொன்ன வரனுக்குப் பொருத்தம் பத்துக்கு இவ்வளவு. இந்த வரன் தங்களுக்கு ஏற்றதல்ல. மனம் தளர வேண்டாம். வேறு நல்ல வரன்களுக்கு எங்களை அணுகவும்.' மரியாதையாத்தானே எழுதியிருக்குது? பொருத்தம் மாறினவங்களுக்கு மட்டுந்தான் போச்சு. புருசன் போனுக்கு ஒண்ணு, பொண்டாட்டி போனுக்கு ஒண்ணு. அறுநூத்திப் பன்னெண்டுல எழுவத்தி நாலே ஜோடி. பாக்கி ஐநூத்தி முப்பத்தெட்டும் அச்சுப் பிசகாம அப்படியே இருந்துதே, அதை ஒருத்தரும் பாராட்டலைங்க.

வெள்ளிக்கெழமை காலையில கடைக்கு முன்னால கூட்டம். அண்ணன் ஏதோ முகூர்த்த நாளு, கிராக்கி வந்திருக்குதுன்னு நினைச்சுச் சந்தோசமாத்தான் பூட்டைத் தொறந்திருக்கறாரு. ஒரு மாமியாரு மெசேஜைப் பிரிண்டெடுத்து லேமினேசன் போட்டுக் கொண்டாந்திருந்துது. இதுல ஒரு சீலு வெச்சுக் குடுங்கன்னுது. ஒரு ஆளு, ரெண்டு கொழந்தைங்களைக் கையில புடிச்சிட்டு, 'வேற நல்ல வரனுக்கு அணுகவும்னு போட்டிருக்குதே, போட்டோ எப்பக் காட்டுவீங்க?'ன்னாரு. அவரு சம்சாரம் பின்னாலயே நின்னுட்டிருந்துது. 'எனக்கும் சேத்து எடுத்து வெய்யுங்க'ன்னுது. இன்னொரு ஜோடி கை கோத்துட்டு வந்தாங்க. அந்தம்மா சொல்லுச்சு, 'இத்தனை வருசமா இவரு கொணமே இப்படின்னு நினைச்சு வெந்துட்டிருந்தனுங்க. நட்சத்திரந்தான்னு இப்பத்தானே தெரியுது. மனசு லேசாயிருச்சுங்க'ன்னு. அண்ணனுக்கு ஒரு கும்புடு போட்டுட்டு ரெண்டு பேரும் நெய் ரோஸ்ட் சாப்படப் போயிட்டாங்க. பாத்தீங்களா, நல்லதும் நடந்திருக்குது. அதை யாரு சொல்றா?

அதைவிட நல்லது ஒண்ணு இருக்குதுங்க. பல்லடத்து ஜோடி. மூணு வருசமாப் பிரிஞ்சு இருந்தவங்க. பழசுல பத்துக்கு ஆறு, புதுசுல ஒம்பதரை. அவங்களுக்கு மெசேஜு வேற மாதிரி, 'மிகவும் ஏற்ற வரன், உடனே பேசி முடிக்கவும்'னு போயிருக்குது. அன்னைக்கே அந்தப் பொண்ணு சாமானெல்லாம் வண்டியில ஏத்திட்டுப் புருசன் ஊட்டுக்கு வந்துருச்சு. தேங்காய் பழத்தோட வந்து அண்ணன் கால்ல விழுந்தாங்க. நான் பக்கத்துலதான் நின்னன். எங்கால்ல விழலை, பரவால்லை.

அண்ணனுக்கு ஒண்ணும் வெளங்கலை. ஞாயித்துக்கெழமை வரைக்கும் தலையில துண்டைப் போட்டுட்டு உக்காந்திருந்தாரு. அப்புறந்தான் அந்த டிக்கு அவரு கண்ணுல பட்டுது. 'ஈஸ்வரா, இதை மாத்துடா'ன்னு கத்துனாரு. மாத்தினன். மறுபடியும் நாப்பது நிமிசம். மறுபடியும் தெரியப்படுத்தவான்னு கேட்டுது. இந்தவாட்டி அண்ணனே அமுத்துனாரு. 'முந்தைய முடிவு திருத்தப்பட்டது'ன்னு எழுவத்தி நாலு ஜோடிக்கும் போச்சு. பல்லடத்துப் பொண்ணு போன் பண்ணுச்சு. 'அண்ணா, பீரோவை மாடிக்கு ஏத்தி இப்பத்தான் மூச்சு விட்டன். ஆறுங்கறீங்க. எறக்கட்டுங்களா, இருக்கட்டுங்களா, முடிவாச் சொல்லுங்க'ன்னு. அண்ணன் போனை வெச்சுட்டாரு. இந்தப் பழைய மிஷினை எங்கையில குடுத்தாரு, கடையைப் பூட்டினாரு, பழனிக்கு நடந்தே போயிட்டாரு. இன்னும் வரலை.

இனி நம்ம கதை. அந்த எழுவத்தி நாலுல நாங்களும் ஒண்ணு.

வியாழக்கெழமை சாயந்திரம் நான் ஊட்டுக்குப் போறப்ப அவ சின்ன வெங்காயம் உரிச்சிட்டிருந்தா. பொண்ணு நாமக்கல்லுல ஹாஸ்டல்ல படிக்குது, ஊட்டுல நாங்க ரெண்டு பேருதான். போனு சத்தம் போட்டுது. புறங்கையில தள்ளிப் படிச்சா. நான் திருவாதிரை, அவ உத்திரம், அப்படித்தான் பதினாறு வருசமா இருந்துது. புதுசுல அவ அஸ்தத்துக்குப் போயிட்டா. பத்துக்கு நாலு. அதுலயும் ரஜ்ஜு போச்சு. மத்த ஒம்பது போனாலும் ரஜ்ஜு மட்டும் போகக் கூடாதும்பாங்க, அதுதான் தாலிக்குப் பாக்கற பொருத்தம்.

'ஏனுங்க, இது நெசமா?'ன்னா.

நான் ஒளிவு மறைவு இல்லாத ஆளுங்க. 'அதுக்குப் பொய் சொல்லி என்ன ஆகோணும்? சந்திரன் நின்ன எடத்தை விநாடி சுத்தமாப் போடுது. பழசுதான் தப்பு'ன்னன்.

'அப்ப நமக்குப் பொருத்தமில்லைங்கறீங்களா?'

'நானெங்க சொன்னன்? மிஷினு சொல்லுது.'

இன்னொரு வெங்காயத்தை எடுத்து உரிச்சா. அப்புறம், 'பதினாறு வருசமா நல்லாத்தானுங்களே ஓடுது?'ன்னா. நான் எல்லார்த்துக்கும் சொல்றதைத்தான் அவளுக்கும் சொன்னன். 'ஓடுதேன்னு வெச்சுக்கிட்டிருக்கக் கூடாது அம்மிணி. அங்கதான் எல்லாரும் தப்புப் பண்றாங்க'ன்னன்.

கம்ப்யூட்டரைச் சொன்னனுங்க! நீங்க ஏன் அப்படிப் பாக்கறீங்க? அவளும் இப்படித்தான் பாத்தா. வெங்காயத்தை அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சு உள்ள போயிட்டா. கண்ணுல தண்ணி. வெங்காயந்தான்னு நினைச்சுட்டு மிச்சத்தை நான் உரிச்சு வெச்சன். உதவியாத்தானே இருந்திருக்கறன்? காலையில மொத பஸ்ஸுக்குப் போயிட்டா.

கோவம் ரஜ்ஜுவாலதான்னு எனக்குத் தெரியும். அதனால ஞாயித்துக்கெழமை டிக்கு மாத்தினதும் மனசுல பாலை வார்த்த மாதிரி இருந்துது. அவளுக்கும் ஏழுன்னு திருத்தின மெசேஜு போச்சு. பாத்துட்டா, நீலக் கோடு விழுந்துது. வரலை. ஸ்கிரீனைப் போட்டோ புடிச்சு அனுப்பினன். அதுக்கும் நீலக் கோடு. பொருத்தம் பொருத்தமாப் பிரிச்சு, அஞ்சு பக்கத்துக்கு அட்டவணை போட்டு, சந்திரன் எத்தனை பாகையில நிக்குதுங்கறது வரைக்கும் எழுதி அனுப்பினன். வரலைங்க. மாமியாருக்குப் போன் பண்ணா, 'சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?'ன்னு கேட்டுட்டு வெச்சரும். வேற ஒரு வார்த்தை கெடையாது.

பொய் சொல்லக் கூடாது, எனக்கு அவ இல்லாம முடியலைங்க. மெஸ்ஸுல சாப்படறன், என்ன போட்டாங்கன்னு கேட்டாத் தெரியாது. சாயந்திரமாச்சுன்னா ஊட்டுக்குப் போகப் பிடிக்காம பஸ் ஸ்டாண்டுல உக்காந்து தாராபுரம் வண்டியை எண்ணிட்டிருக்கறன். அவ எறங்குவாளான்னு. அந்த ஊட்டுல மூணு கம்ப்யூட்டர் இருக்குது. மூணும் நல்லா ஓடுது. எனக்கென்னவோ எதுவுமே ஓடாத மாதிரி இருக்குதுங்க.

முந்தாநாளு எம்பட மச்சான், அவ தம்பி, போன் பண்ணான். 'மாமா, சும்மா அதையும் இதையும் அனுப்பிட்டிருக்காதீங்க. நேர்ல வந்து அக்காளைக் கூப்புடுங்க'ன்னான். அப்பத்தான் எனக்குப் பட்டுது. நேர்லன்னா என்ன அர்த்தம்? புது மிஷினு சொல்றதை அவ நம்பலை. ஒருக்கா நாலுன்னுது, ஒருக்கா ஏழுன்னுது, யாருதான் நம்புவா? பழசை நேர்ல கொண்டு போயிக் காட்டோணும். மாமியா ஊட்டு டிவி பெருசு, ஆனா ஒயரு சேருமோ என்னமோ, அதனாலதான் மானிட்டரும் எடுத்துட்டு வந்தன். நடு ஊட்டுல வெச்சு, மாமியா, மச்சான், அக்கம்பக்கத்து ஆளுங்க எல்லாரும் பாக்கப் பொறந்த நேரத்தைப் போட்டுக் காட்டறன். நாப்பது நிமிசம் ஆகும். ஆகட்டும். பத்துக்கு ஏழு. அதுக்கு மேல அவ என்ன சொல்லிருவா?

நேர்ல கூப்புடறதுன்னா வேற அர்த்தமும் இருக்குதா? என்னங்க அது? ... அதெப்படிங்க, கையில ஒண்ணுமில்லாம போயி நின்னு என்னத்தைப் பேசறது?

இருங்க, போனு. சித்த இதைப் புடிச்சுக்கறீங்களா? சாய்க்காதீங்க. அவதானுங்க! பதினோரு நாளைக்கப்புறம்!

அலோ, அம்மிணி... பஸ்ல இருக்கறன். அறச்சலூரு தாண்டியாச்சு... எங்க? நம்மூட்டுலயா? எப்ப வந்த? ... அடக் கெரகமே, நான் உங்கம்மா ஊட்டுக்கு வந்துட்டிருக்கறன்... உன்னைக் கூட்டிட்டு வரத்தான்... ஆமா, சாவி பக்கத்தூட்டுல... பாத்திரம் கெடக்குது, நான் வந்து கழுவிக்கறன், நீ தொடாத... இல்லைங்கறன். நீ கேளு. பழைய மிஷினு எங்கிட்ட இருக்குது. மடியில வெச்சிருக்கறன். பத்துக்கு ஏழுதான், அதுல மாத்தமே இல்லை. நான் வேண்ணா ஒரு எட்டு தாராபுரம் போயி உங்கம்மாளுக்கு மட்டும் காட்டிட்டு... சரி, கத்தாத. கத்தாத அம்மிணி, பஸ்ஸுல எல்லாரும் பாக்கறாங்க... என்ன கேட்ட? ... இரு. இரு, வெச்சராத.

ஏனுங்க, கேட்டீங்களா அவ கேக்கறதை? 'மிஷினு நாலு போட்டா எனக்கென்ன, ஏழு போட்டா எனக்கென்ன? அன்னைக்கே உங்களைத்தானே கேட்டன்? நீங்க எத்தனை போடுவீங்க, அதைச் சொல்லுங்க மொதல்ல'ங்கறா. லைன்லயே இருக்கறா. சொன்னாத்தான் வெப்பாளாம்.

என்னைக் கேட்டா நான் என்னத்தைங்க சொல்றது? அவ போன நாள்ல இருந்து நானும் மனசுக்குள்ள போட்டுப் போட்டுத்தான் பாக்கறன். பத்துக்கு மேல போடறதுக்கு அதுல எடமே இல்லைங்களே.